மெடலின் விளிம்பில் இருந்த பெயர்

கமலவேணி அக்கா காலமான செய்தியை அவர் மகள் சுதா செவ்வாய்க்கிழமை காலை நம் ஜனக்புரி குடியிருப்புத் தமிழர்களின் வாட்ஸப் குழுவில் போட்டாள். இரண்டாவது நிமிடமே ‘மேஜர்’ எழுதினார்: “ராணுவக் குடும்பம் தன் சகோதரியை இழந்துவிட்டது. ஜெய் ஹிந்த்.” கீழே முப்பது பேர் கைகூப்பினார்கள். எனக்குத் துக்கத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. ஏன் என்று அக்காவை அறிந்த உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். அந்த மனிதரின் பெயரை மட்டும் எழுதமாட்டேன். அது அவருக்கு நான் தரும் மரியாதையாகிவிடும்.

அக்கா வேலூர்ப் பக்கத்துக்காரர். கணவர் பட்டாளத்தில் நாயக் பதவியில் இருந்தவர். பனிமலைக் காவலில் அவர் இறந்தபின், கருணை அடிப்படையில் கிடைத்த எழுத்தர் வேலைக்காக எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அந்த வருடக் குடியரசு தினத்தன்று கணவரின் மெடல்களைச் சேலையில் குத்திக்கொண்டு வந்தவரிடம், பெரிய விவரஸ்தனைப் போல, “பக்கம் மாறிப்போச்சு அக்கா, இடப்பக்கம் குத்தணும்” என்றேன்.

“இடப்பக்கம், வாங்குனவங்க குத்திக்கிறதுப்பா. இது எங்க வூட்டுக்காரரு வாங்குனது. எனக்கு வலப்பக்கந்தான்” என்றார். அதுதான் வழக்கமாம். ஒரு ஊசியைக்கூடத் தனக்கு உரிமையில்லாத இடத்தில் குத்தாதவர் அவர்.

இரண்டு வருடத்துக்கு முன்பு நம் குடியிருப்பில் நடந்த சுதந்திர தின விழாவுக்கு நான் செயலாளர். மேஜரைச் சிறப்பு விருந்தினராக அழைத்தவனும் நான்தான். முறுக்கு மீசை, அதட்டும் குரல், மார்பு நிறைய மெடல்கள், பளபளக்கும் பூட்ஸ். அதற்கு மேல் ஓர் அத்தாட்சியும் நான் கேட்கவில்லை. கொடியேற்றிவிட்டு, எல்லையில் தான் குளிரில் நின்ற கதையையும் அளந்துவிட்டு, சமோசா தின்றுகொண்டிருந்தவரிடம் அக்கா போனார்.

“சார், அந்த மெடலக் கொஞ்சம் பாக்கலாமா?”

பெருமையாகக் கழற்றிக் கொடுத்தார். மெடலின் விளிம்பில் அதைப் பெற்றவரின் எண், பதவி, பெயர், ரெஜிமெண்ட் எல்லாம் பொறித்திருக்கும் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. மேஜருக்கும் தெரிந்திருக்கவில்லை! அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“இதுல சிப்பாய் கோபால் சிங்னு இருக்குதே சார். அது யாரு?”

“அரே, ஒரிஜினல் தொலைஞ்சு போச்சும்மா. கடையில டூப்ளிகேட் வாங்கினேன்.”

“டூப்ளிகேட்னா விளிம்பு மொட்டையா இருக்கும். இது ஒருத்தர் உசிரப் பணயம் வெச்சு நின்னு வாங்குனது. என்கிட்ட வுடுங்க, அவங்க வூட்டுக்கு அனுப்பிடறேன்.”

மேஜர் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். நான் என்ன செய்தேன்? “அக்கா, நல்ல நாளும் அதுவுமா சீன் வேணாம்” என்று அக்காவின் கையைப் பிடித்து நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். மேஜரிடம் மன்னிப்பும் கேட்டேன். எழுதும்போதே கை கூசுகிறது.

அக்கா அந்த எண்ணை மறக்கவில்லை. சிப்பாயின் ரெஜிமெண்ட் ஆவண அலுவலகத்துக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். கடைசியில் வடக்கே மலைப்பக்கத்துப் பித்தோராகரிலிருந்து ஒரு பெண்மணி போன் செய்தார். கோபால் சிங்கின் மனைவி. கணவர் இறந்து பல வருடம் ஆகிவிட்டது. வீடு மாறியபோது டிரங்குப் பெட்டி பழைய சாமான்காரனிடம் போய்விட்டது. மெடல்கள் அதில்தான் இருந்தன.

“பேத்தி கேக்குதாம்ப்பா, தாத்தா நெஜமாவே மிலிட்டரியான்னு. காட்டறதுக்கு அவங்ககிட்ட ஒண்ணுமே இல்லையாம்” என்றார் அக்கா. நின்றவன் வீட்டில் காட்ட ஒன்றும் இல்லை. நிற்காதவன் மார்பு நிறையத் தொங்கவிட்டுக்கொண்டு மாலை வாங்குகிறான்.

அக்கா மூன்று முறை மேஜர் வீட்டுக்குப் போனார். முதல் இரண்டு தடவை கதவே திறக்கவில்லை. மூன்றாம் முறை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினாராம்: “நான் பட்டாளத்துல இல்லதான். மிலிட்டரி கேன்டீனுக்குச் சரக்கு சப்ளை பண்ணினேன். ஒரு மரியாதைக்காகப் போட்டுக்கிட்டேன். இதுல யாருக்கு என்ன நஷ்டம்?”

இதை அக்கா என்னிடம் வந்து சொன்னார். “யாருக்கு நஷ்டம்னு கேக்குறாம்ப்பா! செயலாளர் நீ ஒரு தடவ என்கூட வா. அப்ப குடுத்துடுவான்.”

“பார்க்கலாம் அக்கா” என்றேன். குளிர்காலம் போயிற்று, கோடையும் போயிற்று. நான் போகவில்லை. மேஜருக்கு நான் பயப்படவில்லை. இப்படி ஏமாந்தானே என்று நீங்கள் சிரிப்பீர்களே என்றுதான் பயந்தேன். என் வெட்கத்தைக் காப்பாற்றிக்கொள்ள அக்காவைக் காத்திருக்க வைத்தேன். காத்திருந்தே போய்விட்டார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், உங்களில் யாரோ முதல் பேச்சாளராக மேஜரைப் போட்டிருந்தார். அடித்துவிட்டேன். கேட்பவர்கள் என்னைக் கேளுங்கள்.

அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது, சுதா எடுத்துக் கொடுத்த ஒரு துண்டுச்சீட்டு. பித்தோராகர் வீட்டின் முகவரி, அக்காவின் கையெழுத்தில். கூட்டம் பதினோரு மணிக்கு. பத்து மணிக்கே நான் மேஜர் வீட்டு மணியை அடிப்பேன். மெடலைத் தரும்வரை நகரமாட்டேன். அக்காவின் மேல் மதிப்பு உள்ளவர்கள் மாலை வாங்கிக்கொண்டிருக்க வேண்டாம், என்னோடு அங்கே வந்து நில்லுங்கள். அந்த வாசலில் அவர் மூன்று முறை தனியாக நின்றிருக்கிறார்.