நொண்டியில் அக்கா என்னைத் தொட்டது

இதைச் சாமி முன்னால் பலமுறை சொல்லி அழுதிருக்கிறேன். மனிதர்கள் முன்னால் சொல்வது இதுதான் முதல் தடவை.

பெரியப்பா மகள் எனக்கு மூன்று வயது மூத்தவள். ஆனாலும் எண்பதுகளின் கடைசியில் நான் ஐந்தாம் வகுப்புக்குப் போன வருஷம் அவளும் அதே வகுப்பில் வந்து உட்கார்ந்தாள். பிறவியிலிருந்தே அவளுக்கு எதுவும் மெதுவாகத்தான் ஏறும். பத்து வரை எண்ணுவாள், அதற்கு மேல் கேட்டால் சிரித்துவிடுவாள். மண்ணூர்பேட்டையில் எங்கள் தெருவில் அவளுக்கு வேறு பெயர்கள் இருந்தன. அவற்றை எழுதக் கை கூசுகிறது. அந்தப் பெயர்களை நானும் சொல்லியிருக்கிறேன்.

அதுவரை எந்தப் பள்ளியிலும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பெரியம்மா எங்கள் டீச்சரிடம் போய் அழுது நின்றாள். டீச்சர் நல்லவர். "ஒரு மாசம் வந்து உட்காரட்டும். மத்தப் பிள்ளைங்களோட சேர்ந்து பழகினா ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்லிப் பேரை எழுதிடறேன்" என்றார். வகுப்பில் எங்களைப் பார்த்து, அவளையும் எல்லா விளையாட்டிலும் சேர்த்துக்கொள்ள வேண்டும், அது கடவுளுக்குப் பிடித்த காரியம் என்றார். தங்கை என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

கடவுளுக்குப் பிடித்ததைச் செய்ய எனக்கும் ஆசைதான். தோற்கத்தான் ஆசையில்லை.

மதியம் சாப்பிட்டதும் நாங்கள் ஆடுவது நொண்டி. மண்ணில் பெரிய கட்டம் கிழித்து ஒரு கட்சி அதற்குள் ஓடும். மற்றக் கட்சியிலிருந்து ஒவ்வொருத்தியாக ஒற்றைக் காலில் நொண்டி வந்து தொட்டு அவுட் ஆக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் அடம்பிடித்தால் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோம். அவர்களும் ஆடலாம், ஆனால் அவர்கள் ஆட்டம் கணக்கில் வராது. அக்காவையும் அப்படியே சேர்த்தேன். அவளிடம் மட்டும் அதைச் சொல்லவில்லை.

அவள் நொண்டி வரும்போது இரண்டு மூன்று பேர் வேண்டுமென்றே தொட விடுவார்கள். "ஐயோ, அவுட்டு" என்று கோட்டுக்கு வெளியே போய் நிற்பார்கள். அவள் குழாயடிக்குத் தண்ணீர் குடிக்கப் போனதும் மறுபடி உள்ளே வந்துவிடுவார்கள். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தது நான்தான். பெருமையாக இருந்தது.

சாயங்காலம் பெரியம்மா எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிடுவாள். "இன்னிக்கு மூணு பேர அவுட் ஆக்கினாளாமே! ஊட்டுக்கு வந்ததுலேந்து அதே பேச்சுதான். நீ கூட நின்னு பாத்துக்கினதாலதான்டி கண்ணு" என்று என் கன்னத்தை வழித்து நெட்டி முறிப்பாள். நானும் நின்று வாங்கிக்கொள்வேன்.

மாதம் முடிகிற அன்று டீச்சர் வேப்பமரத்தடியில் நின்று எங்கள் ஆட்டத்தைப் பார்த்தார். அக்கா ஒருத்தியைத் தொட்டாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். "நல்லா சேர்ந்துக்கிட்டா. நாளைக்கே உங்க பெரியம்மாவ வந்து கையெழுத்துப் போடச் சொல்லு" என்று என் தோளைத் தட்டிவிட்டு டீச்சர் உள்ளே போனார்.

ஆட்டம் தொடர்ந்தது. எங்கள் கட்சியில் ஒவ்வொருத்தியாக அவுட் ஆகி, கட்டத்துக்குள் நான் மட்டும் மிச்சம். மணி அடிக்கும்வரை தாக்குப்பிடித்தால் ஜெயம். எதிர்க்கட்சியில் எல்லாருக்கும் கால் ஓய்ந்துவிட்டது. "நான் போறேன்" என்று அக்கா மறுபடி இறங்கினாள். நான் சிரித்துக்கொண்டேதான் ஓட ஆரம்பித்தேன். அவள் அவசரமே படவில்லை. விடாமல் நொண்டி நொண்டி என்னை மூலைக்குத் தள்ளினாள். சிரிப்பை விட்டுவிட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். முதுகில் பளீரென்று ஓர் அடி விழுந்தது.

"தொட்டுட்டேன்டி! நீ அவுட்டு!"

"இல்ல."

"தொட்டேன். முதுகுல தொட்டேன்."

"ஆமாடி, தொட்டா. நான் பாத்தேன்" என்றாள் அவள் கட்சிக்காரி ஒருத்தி. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"இன்னாக்கா நீ? நீ ஒப்புக்குச் சப்பாணி. நீ தொட்டா கணக்கே கெடையாது."

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா தூக்கிய காலை இன்னும் கீழே வைக்கவில்லை.

"நேத்து?" என்றாள்.

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள்.

"அன்னிக்கு மூணு பேரு?"

"அதுவுந்தான்" என்றேன் நான்.

அப்போதுதான் காலைக் கீழே வைத்தாள். மணி அடித்தது. எங்கள் கட்சி ஜெயித்தது. பரிசு என்று ஒன்றும் கிடையாது.

மறுநாள் பள்ளிக்கு வர மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டாள். கையெழுத்துப் போட வேண்டிய நாளாயிற்றே, பெரியம்மா அவள் முதுகில் இரண்டு வைத்து இழுத்துக்கொண்டு வந்தாள். "நேத்து வரைக்கும் குதிச்சிக்கினு வந்தா டீச்சர். இன்னா ஆச்சுன்னே தெரியல" என்று புலம்பினாள். டீச்சர் அக்காவின் முகவாயைத் தொட்டு, "யாராவது ஏதாவது சொன்னாங்களாம்மா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள்.

"யாரும் ஒண்ணும் சொல்லல. எனக்கு வெளையாட வரல" என்றாள்.

பெரியம்மா கையெழுத்துப் போடாமலே அவளை அழைத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அக்கா எந்தப் பள்ளிக்கும் போகவில்லை.

அவளுக்கு எதுவும் மனசில் நிற்காது என்று எங்கள் வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். முந்தின நாள் நடந்ததையும் மறந்துவிட்டாள் என்றே நினைத்தேன். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் பிள்ளையார் கோயிலில் நின்று, என்னைக் காப்பாற்றிக் கொடுத்ததற்காக மூன்று தோப்புக்கரணம் கூடுதலாகப் போட்டேன். காப்பாற்றியது யார் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.