உத்திரமேரூருக்கு இரண்டு பயணம்: கழன்றுபோன கைப்பிடி

1986 ஆகஸ்டில் வந்த ஓர் அஞ்சலட்டைதான் காரணம். "நீங்க குடுத்த ஊன்றுகோல்ல கைப்பிடி கழண்டு ரோசம்மா விழுந்துட்டா. மணிக்கட்டு ஒடஞ்சிடுச்சி" என்று அவர் கணவர் சாமுவேல் எழுதியிருந்தார். மெட்ராஸில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் மீந்த கார்பன் இழையில் அக்குளில் கொடுத்து நடக்கும் அந்த ஊன்றுகோலைச் செய்தவன் நான். ரோசம்மாவுக்கு ஒரு கால் போலியோவில் சூம்பியது. வீடு வீடாக நடந்து முட்டை விற்பவர்.

காலை ஐந்தரைக்குப் பாரிமுனையில் பஸ். எட்டு மணிக்குக் காஞ்சிபுரம், அங்கே பஸ் மாறி ஒன்பதரைக்கு உத்திரமேரூர். இரண்டு டிக்கெட்டும் சேர்த்து ஒன்பது ரூபாய் சொச்சம். அங்கிருந்து ஏரிக்கரையோடு மூன்று கிலோமீட்டர் நடை. குடை எடுத்துப் போங்கள், நிழலே கிடையாது.

கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தவரிடம் நான் முதலில் கேட்டது, "மழையில வெச்சீங்களா? தூக்கிப் போட்டீங்களா?" என்றுதான். இதை எழுதவே கூசுகிறது.

"வரப்புல நடக்கறேனே சார், நனஞ்சிக்கினுதான் இருந்துச்சி. என் தப்புதான்" என்றார்.

கைப்பிடியைப் பிரித்தேன். ஆணிகள் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தன. அலுமினியம். கார்பனோடு சேர்ந்து ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துப்போகும். அது எனக்குத் தெரியும். துருப்பிடிக்காத எஃகு போல்ட் வர நான்கு நாள் ஆகுமென்று, கையில் இருந்த அலுமினிய ஆணிகளை அடித்துவிட்டேன். அடித்த அடியில் குழாயின் சுவரும் நசுங்கியிருந்தது.

"தப்பு என்மேலதான்" என்றேன்.

சாமுவேல் என்னையே பார்த்தார். "இன்னா சார் சொல்றீங்க? மூணு வாரமா இவளத்தான் திட்டிக்கினு கீறேன்."

ரோசம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். திரும்பும் பஸ்ஸில் இடம் காலியாக இருந்தும் எனக்கு உட்காரத் தோன்றவில்லை.

அக்டோபரில் புதிதாகச் செய்து எடுத்துப் போனேன். குழாய்க்குள் கெட்டியான கட்டை, கார்பனுக்கும் உலோகத்துக்கும் நடுவே கண்ணாடி இழைத் துணி, எஃகு போல்ட், இருபுறமும் அகலமான வாஷர், துளையின் உள்விளிம்பெல்லாம் பிசின். ரோசம்மா அதைத் தொடவில்லை.

"மொதல்ல நீங்க நடங்க சார். ஒரு காலத் தூக்கிக்கினு, அந்த மதகு வரைக்கும்."

நடந்தேன். இருநூறு அடி இருக்கும். தெருவே வாசலில் நின்று பார்த்தது. அக்குள் எரிந்தது, சேற்றில் இரண்டு முறை சறுக்கினேன். கைப்பிடி அசையவில்லை.

இப்படி எதையாவது செய்து ஊருக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு: ஒரு மாதத்தில் திரும்பப் போய்ப் பாருங்கள். பழுதானால், பயன்படுத்தியவரைக் கேட்கும் முன் நீங்கள் போட்ட துளையைப் பாருங்கள்.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தேன். ரோசம்மா ஊன்றுகோலை வாங்கி, கைப்பிடியை நன்றாக ஆட்டிப் பார்த்தார்.

"சாயங்காலமும் ஒருதபா நடந்து காட்டிட்டுப் போங்க" என்றார்.