ஒன்பது தராத கோதண்டம்

செய்தி காலை நெட்டில் வந்தது. ஊருக்கு ஒருவராக இருக்கும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் நாம், வேலைக்குப் போகும் முன் நாற்பது மீட்டர் அலைவரிசையில் கூடிப் பேசும் அந்த அரைமணி நேரத்துக்குத்தான் நெட் என்று பெயர். திருவள்ளூரில் ரேடியோ கடை வைத்திருக்கும் சம்பத் மைக்கை எடுத்து, "நம்ம கோதண்டம் அண்ணன் சைலண்ட் கீ ஆயிட்டாரு" என்றார். நம் கூட்டத்தில் ஒருவர் இறந்தால் அப்படித்தான் சொல்வோம். முந்தின நாள் ஷிப்ட் முடிந்து கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம், எழுந்திருக்கவில்லை. அப்போதும் என் கண் சிக்னலின் பலத்தைக் காட்டும் மீட்டர் முள்ளின் மேல் இருந்தது. சம்பத்தின் குரல் எட்டு வரை ஏறியிருந்தது. சாவுச் செய்தியைக்கூட அளந்து பார்க்கும் இந்தப் புத்தி கோதண்டம் எனக்கு வைத்துவிட்டுப் போன வினை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அவர் மேல் பொறாமை. இருந்தது என்று சொல்லவில்லை, இருக்கிறது. இரங்கல் கட்டுரையில் இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்பீர்கள். எழுதாவிட்டால் அது வேறு யாரோ ஒருவரைப் பற்றிய கட்டுரையாகிவிடும்.

கும்மிடிப்பூண்டியில் ஒரே கம்பி ஆலையில் இருவருக்கும் வேலை. நான் எலெக்ட்ரிகல், அவர் இன்ஸ்ட்ருமெண்ட். ஏறத்தாழ ஒரே வயது. அறுபதுகளின் கடைசியில் லைசென்ஸ் பரீட்சையையும் ஒன்றாகத்தான் எழுதினோம். ஆனால் அவருக்கு ஆரம்பாக்கத்தில் சொந்த நெல்வயல், அதன் இரு ஓரங்களிலும் ஏரியல் கட்டுவதற்கென்றே வளர்ந்தது போல ஒவ்வொரு பனைமரம். எனக்கு எளாவூரில் செக்போஸ்ட் பக்கம் ஒரு வீடு, மொட்டைமாடியில் ஏரியலைத் தாங்க ஓர் இரும்புக் குழாய், எதிரே நாளெல்லாம் வெல்டிங் வைக்கும் லாரிப் பட்டறை. பொறாமை அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

எதிர் ஸ்டேஷனின் சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்பதை ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள் ஓர் எண்ணாகச் சொல்வது நம் வழக்கம். எல்லாம் மரியாதைக்குச் சொல்வதுதான். "உங்களுக்கு ஒன்பது" என்று தாராளமாகக் கொடுத்துவிட்டு, "பேர் காதில் விழவில்லை, நாலைந்து தடவை திரும்பச் சொல்லுங்கள்" என்று கேட்கிற ஆட்கள் நாம். கோதண்டம் அப்படி இல்லை. சிக்னலை இத்தனை மடங்கு என்று கணக்காகக் குறைத்துக் காட்டும் ஒரு பெட்டியை ரெசிஸ்டர்களைக் கொண்டு தானே செய்தார். தன் மீட்டரின் ஒவ்வொரு கோட்டையும் அதைக்கொண்டு சரிபார்த்தார். தப்பாக இருந்த கோடுகளை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டார். "முள்ளு ஆடுனா போதுமா? எவ்ளோ ஆடுதுன்னு தெரிய வாணாமா?" என்பார்.

அதனால் என்ன ஆயிற்று? புது ஏரியல் கட்டியவர்கள் எல்லாம், "கோதண்டம் இருக்காரா?" என்றுதான் கூப்பிட்டார்கள். "நான் இருக்கேன், உங்களுக்கு ஒம்போது" என்பேன். "தேங்க்ஸ்" என்பார்கள். அடுத்த மூச்சில், "கோதண்டம் இருக்காரா?" அவர் வந்து "அஞ்சு" என்று சொன்னால் அப்படி ஒரு சந்தோஷம். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

எனக்கு அவர் கொடுத்தது ஏழு. டிரான்ஸ்மிட்டரின் வால்வை மாற்றினேன், ஏழு. குழாயை உயர்த்தினேன், ஏழு. அவர் வாயால் ஒரு ஒன்பது வாங்காமல் விடுவதில்லை என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டுக்கே அழைத்து வந்தேன். என் ஸ்டேஷனின் பலத்தைக் காட்ட என்னிடம் ஒரு வித்தை இருந்தது. மாடி ஏரியலிலிருந்து சுவரோரமாக இறங்கும் கேபிளுக்குப் பக்கத்தில் சின்ன நியான் பல்பு ஒன்றைப் பிடித்தால், நான் மைக்கில் பேசும்போதெல்லாம் அது தானாக எரியும். பார்த்தவர்கள் வாயைப் பிளந்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு ரேடியோவில் பாட்டுக்கு நடுவே என் குரல் வருவதையும் பெருமையாகச் சொல்லிவிட்டு, பல்பைக் கோதண்டத்தின் கையில் கொடுத்தேன்.

நான் பேசப் பேச, அவர் பல்பைக் கேபிள் நெடுகக் கொண்டுபோனார். எல்லா இடத்திலும் எரிந்தது. பிறகு பையிலிருந்து, அலையின் பலத்தைக் காட்டும் தன் கை மீட்டரை எடுத்துக் கேபிளுக்குப் பக்கத்தில் நீட்டினார். முள் கடைசிக் கோட்டில் போய் இடித்தது. மாடியேறி, அதே தூரத்தில் ஏரியலுக்கு நேராகப் பிடித்தார். முள் பாதிகூட ஏறவில்லை.

"இன்னா நைனா, ஏரியல் சும்மா குந்திக்கினு கீது. ஒயர்தான் பேசிக்கினு கீது" என்றார்.

"எது பேசுனா இன்னா? பேச்சு வெளிய போவுதா இல்லியா?"

"போவுது. பக்கத்து ஊட்டுக்குப் போவுது. அதுக்கா இவ்ளோ ஒசரத்துல கம்பி கட்டிக்கினு கீறே?"

கேபிளின் வேலை சக்தியை ஏரியலில் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும்தான். என்னுடையதில் ஒரு பங்கு கேபிளின் உலோக மேலுறை வழியே திரும்பி வழிந்து, சுவரோரமே அலையாகப் போய்க்கொண்டிருந்தது. பட்டறையின் வெல்டிங் இரைச்சலையும் அதே மேலுறைதான் பிடித்து வந்து என் காதில் கொட்டியிருக்கிறது. இத்தனை நாள் நான் பெருமையடித்த வெளிச்சம் முழுக்க வீண். கோதண்டம் ஏணி போட்டு ஏறி, ஏரியலோடு சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே கேபிளைச் சுருளாகச் சுற்றிக் கட்டினார். திரும்பி வழிவதை அந்தச் சுருள் தடுத்துவிடும் என்றார். இறங்கி வந்து மறுபடி பேசச் சொன்னார். பல்பு எரியவில்லை. என் வித்தை போயிற்று.

மறுநாள் காலை என் காதில் இரைச்சல் அடங்கியிருந்தது. கொழும்பைக் கூப்பிட்டேன், உடனே பதில் வந்தது. அதுவரை எனக்குக் கேட்டே இராத ரங்கூன்காரர் ஒருவர் தானாக என்னைக் கூப்பிட்டார். இனி என்ன, ஒன்பது நிச்சயம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கோதண்டத்தைக் கூப்பிட்டேன்.

"உனுக்கு ஆறு" என்றார்.

"ஏழு குடுத்துக்கினு இருந்தியேய்யா! நீதானே சுத்துனே?"

"ஆமாம்பா. ஒயர்ல வழிஞ்சி எங்க ஊரு பக்கம் வந்துக்கினு இருந்தது நின்னுபோச்சி. எனக்குக் கொறஞ்சிச்சி, தூரத்துல கீறவனுக்கு ஏறிச்சி. அதுக்கு நான் பொய் சொல்லணுமா?"

நெட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் பல வருஷம் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கொழும்பை எட்டியது நான், பேர் வாங்கியது அவர். அளந்து பார்த்து, தனக்கே குறைவாகக் கேட்கும்படி என் ஸ்டேஷனைத் திருத்திக் கொடுத்த மனிதரை எப்படித் திட்டுவது என்றும் எனக்குத் தெரியவில்லை. அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

செய்தி கேட்ட அன்றே ஆரம்பாக்கம் போனேன். ஆலையிலிருந்து பாதிப் பேர் வந்திருந்தார்கள். அவர் மனைவி என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணா, உங்க கொரலு வந்தாத்தான் ஓடிப்போயி மீட்டரப் பாப்பாரு" என்று அழுதார். எனக்கும் கண் நிறைந்தது. அப்போது பார்த்து, பக்கத்தில் நின்ற சம்பத் மூக்கைச் சிந்திக்கொண்டே, "எனக்கு ஒரே ஒரு தபா ஒம்போது குடுத்தாருண்ணா" என்றார். உடலை இன்னும் எடுக்கக்கூட இல்லை, எனக்கு அடிவயிறு பற்றிக்கொண்டது. "எப்போ? எந்த ஏரியல்ல?" என்று உரக்கவே கேட்டுவிட்டேன். துக்கத்தில் ஏதோ உளறுகிறேன் என்று நினைத்து யாரோ என் தோளைத் தட்டிக் கொடுத்தார்கள்.

இன்று காலை நெட்டில் எல்லோரும் எனக்கு ஒன்பது கொடுத்தீர்கள். வருத்தத்தில் இருக்கிறேன் என்று ஓரிருவர் ஒன்பதுக்கும் மேலே போனீர்கள். நன்றி. ஆனால் அதில் ஒன்றையும் நான் வைத்துக்கொள்ளப் போவதில்லை. கோதண்டம் கொடுத்த ஆறை வைத்துக்கொள்கிறேன். அது இனி ஏறாது. அளந்து சொன்ன ஆள் போய்விட்டார்.