அய்யன் கூப்பிட்ட பேர்

குழந்தைகளே, நேற்றுத் தொட்டிலில் கிடந்த தம்பியைக் காட்டி, "பேச்சே வராத இவனுக்கு உள்ளே நெனப்பு மட்டும் எப்படீங்கப்பா இருக்கும்?" என்று கேட்டீர்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனவனிடம் கேட்கிற கேள்வியா அது? எனக்குப் பதில் தெரியாது. ஆனால் பேச்சுப் போன ஒருத்தரோடு சிறுவயதில் நான் இருந்திருக்கிறேன். அவர் உங்களுக்கு அப்பாரு, எனக்கு, என்னைப் பெற்ற அய்யன். அந்தக் கதையை வேண்டுமானால் சொல்கிறேன்.

சிங்காநல்லூருக்குக் கிழக்கே எங்கள் தோட்டம். மில்கள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. மில் சங்குதான் எங்களுக்குக் கடிகாரம். அய்யன் கவலை ஓட்டுவதில் பேர் போனவர். நீங்கள் கவலை பார்த்ததில்லை. மோட்டார் வருவதற்கு முன்னால் கிணற்றுத் தண்ணீரை எருதுகள்தான் இறைத்தன. கிணற்று மேட்டிலிருந்து இறங்கும் சரிவில் இரண்டு எருதுகள் வடத்தை இழுத்துக்கொண்டு கீழே போகும். தோல் சால் நிறைந்து மேலே வந்து தண்ணீரைக் கொட்டும். பிறகு அவை திரும்பாமல் பின்னாலேயே நடந்து மேடேற வேண்டும். எந்த மாட்டுக்கும் பிடிக்காத வேலை. அதனால் ஓட்டுகிறவர் பாடிக்கொண்டும் கெஞ்சிக்கொண்டும் இருக்க வேண்டும்.

ஒரு மார்கழிக் காலையில், பல் விளக்கப் போன அய்யன் அப்படியே சாய்ந்துவிட்டார். வலது கையும் காலும் விழுந்துபோயின. பேச்சும் போயிற்று. கால் மெள்ள மெள்ளத் திரும்பி, தடியூன்றி நடந்தார். பேச்சு திரும்பவில்லை. ஒரே ஒரு சொல் மிஞ்சியது: உப்பு. தண்ணீர் வேண்டுமென்றாலும் உப்பு, போர்வை வேண்டுமென்றாலும் உப்பு. முதல் நாள் அம்மா உப்புச் சாடியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவர் இல்லையென்று தலையாட்டி, கோபத்தோடு மறுபடியும் அதையேதான் சொன்னார். கோயமுத்தூர் டாக்டர், தலைக்குள் பேச்சு இருக்கிற இடத்தில் ரத்தம் அடைத்துக்கொண்டது என்றார். நாட்டு வைத்தியர், வசம்பை உரசி நாக்கில் தடவச் சொன்னார். அம்மா இருவர் சொன்னதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு வசம்பைத் தடவினாள்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். "பழனா" என்று அவர் என்னை ஒரு தரம் கூப்பிட வேண்டும். அவர் முன்னால் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி என் பேரை எனக்கே நிறுத்தி நிறுத்திச் சொல்லிக் காட்டுவேன். அவர் என் வாயையே பார்ப்பார். உதட்டைக் கூட்டுவார். உப்பு என்றுதான் வரும். அவர் கண் கலங்குவதற்குள் நான் எழுந்து வெளியே ஓடிவிடுவேன்.

கவலை ஓட்ட வெள்ளகோவிலிலிருந்து மாமன் வந்து தங்கினார். அம்மாவின் தம்பி. நல்ல மனிதர்தான், பாடத்தான் வராது. எங்கள் எருதுகள் மயிலையும் செவலையும் அவருக்குக் கீழே இறங்கிக் கொடுக்கும், மேலே ஏறாது. ஒரு நாள் அய்யன் தடியோடு வந்து வரப்பில் உட்கார்ந்திருந்தார். மாடுகள் வழக்கம்போலப் பாதிச் சரிவில் நின்றுவிட்டன. மாமன் சாட்டையை ஓங்கினார்.

"வா ராசா, பைய வா... பின்னால வா ராசா..."

அய்யனுடைய குரல். பழைய ராகம், ஒரு சொல் குறையவில்லை. மாடுகள் மேடேறின. மாமன் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து, "மச்சா, இன்னொருக்காச் சொல்லுங்க" என்றார். "உப்பு" என்றார் அய்யன்.

அதற்குப் பிறகு தினமும் அவர் சரிவுக்கு வந்தார். மாடுகள் சரிவில் இருக்கிற வரைக்கும் பாட்டு வரும், அவிழ்த்தால் நின்றுபோகும். மனிதர்களுக்கு மட்டும் உப்புதான். மாட்டோடு பேசுகிறவர் பெற்ற பிள்ளையோடு பேசமாட்டாரா என்று எனக்கு மயிலையின் மேல் ஆத்திரம். அதற்குச் சோளத்தட்டுப் போடுவதை நிறுத்தினேன். மாமன் இதைக் கண்டுகொண்டார். "ஏன் மாப்ள, உங்கய்யன் மாட்டோடதான் பேசுவாராட்ட இருக்குது. நீயும் ரெண்டு கொம்பு வெச்சுக்கிட்டு வந்து நில்லு" என்று சிரித்தார்.

அவர் விளையாட்டுக்குச் சொன்னார். நான் மறுநாள் காலையில் மயிலைக்குப் பக்கத்தில் நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாடுகள் இறங்கினால் இறங்கினேன். அவை பின்னால் நடந்தால் நானும் பின்னால் நடந்தேன். "வா ராசா" என்ற ஒவ்வொரு தரமும் அதில் மூன்றில் ஒரு பங்கு எனக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

மில் சங்கு ஊதியது. நல்லாயிருந்த நாளில் அய்யன் மாடு அவிழ்க்கிற நேரம் அது. மாமன் வடத்தைக் கழற்றினார். அய்யன் தடியை ஊன்றி நிமிர்ந்து, வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பி, "பழனா..." என்று கூப்பிட்டார்.

நான் கைக்கெட்டும் தூரத்தில் நின்றேன். "ஏனுங்கய்யா, இதா இருக்கறனுங்க" என்று அவர் முன்னால் போய் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்வையை மறைத்ததற்காக இடது கையால் என்னை ஓரமாக ஒதுக்கிவிட்டு, மறுபடியும் நீட்டிக் கூப்பிட்டார். வீட்டிலிருந்து அம்மா ஓடி வந்தாள். கையெல்லாம் ராகிமாவு. "வாரனுங்க... வாரனுங்க..." என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள். வந்து நின்றவளைப் பார்த்து அவர் "உப்பு" என்றார். அவள், எல்லாம் விளங்கியது போல, "சரீங்க" என்றாள்.

அன்றைக்கு நான் கஞ்சி குடிக்கவில்லை. இத்தனை நாள் காத்திருந்த பேர் வந்தும், பக்கத்தில் நின்ற என்னைத் தெரியவில்லையே என்று வைக்கோற்போருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அய்யன் பிறகு ஆறேழு மாசம் இருந்தார். அந்தப் பேர் மறுபடி வரவில்லை.

எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்து ஆண்கள் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். மூத்த பிள்ளையின் பேரைச் சொன்னால் அவள் வருவாள். எங்கள் வீட்டில் அய்யன் என் பேரைச் சொன்னால் நானும் ஓடுவேன், அம்மாவும் வருவாள். யாரைக் கூப்பிட்டார் என்று நான் யோசித்ததே இல்லை. எனக்குக் கல்யாணமாகி, மூத்தவன் பிறந்து, அவன் பேரைச் சொல்லி உங்கள் அம்மாவை நான் கூப்பிட்ட முதல் நாளில்தான் திடுக்கென்றது. அய்யனுக்கு டாக்டர் சொன்ன இடம் அடைத்துப் போயிருக்கலாம். மாட்டுப் பாட்டும் சங்குச் சத்தமும் மாடு அவிழ்த்ததும் என் அம்மாவைக் கூப்பிடுகிற பழக்கமும் தலைக்குள் வேறெங்கோ ஒரு மூலையில் ஒன்றாகக் கிடந்திருக்கின்றன. நோய் அங்கே போகவில்லை. அந்தக் காலையில் அவர் யாரையும் மறந்திருக்கவில்லை. அம்மாவுக்கு அது தெரிந்தது. எனக்குத் தெரியவில்லை.

போன வருஷம் அம்மா காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு, நான் மட்டும் கிணற்றுமேட்டுக்குப் போனேன். சரிவெல்லாம் புல் மூடிக் கிடந்தது. வீட்டுப் பக்கம் திரும்பி நின்று, என் பேரை நானே ஒரு தரம், அய்யனைப் போல நீட்டிக் கூப்பிட்டேன்.