ட்ராம் போன பிறகு

டாக்டர் தீஹொமிர் இடது கையை உயர்த்துகிறார். அறையில் எல்லோரும் அப்படியே நிற்கிறார்கள். ஆய்வக உதவியாளர் ஸ்லாத்தா, உதட்டருகே கொண்டுபோன காபிக் கோப்பையை நிறுத்துகிறாள். ஓரத்து நாற்காலியில் இருக்கும் நோயாளி யாசென்கா, வந்த இருமலைத் தொண்டையிலேயே பிடித்துவைக்கிறாள். ஜன்னலுக்குக் கீழே ட்ராம் கிறீச்சிட்டுத் திரும்புகிறது. நுண்ணோக்கி லேசாக அதிர்ந்து அடங்குகிறது. கை இறங்குகிறது. இனி இருமலாம், காபி குடிக்கலாம், உலகம் நடக்கலாம்.

குரோவேஷியாவின் ஜாக்ரெப் நகரத்தில் யாருக்கும் வராத நுரையீரல் நோய்களாகப் பார்த்துப் பார்த்து ஆராய்கிற மனிதர் அவர். அறுபதை நெருங்குகிறார். கோடையிலும் கம்பளி உள்சட்டை. பத்து மணிக்கு புரெக் என்கிற இறைச்சி வைத்த நெய்ப் பலகாரத்தைக் காகிதத்தோடு கையில் பிடித்து நடைபாதையில் நின்றபடியே தின்பார். நெய்க்கையோடு உள்ளே வந்தால் ஸ்லாத்தா தொலைத்துவிடுவாள். ஜன்னலைத் திறந்தால் குளிர்காற்று குறுக்கே அடித்து நெஞ்சில் இறங்கிவிடும் என்று இந்த ஊரே நம்புகிறது. நுரையீரல் படித்த மனிதராயிற்றே, சிரிப்பார் என்று நினைத்தால், முதல் ஆளாக எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார். "படிச்சதெல்லாம் வேற. எங்கம்மா சொன்னது வேற" என்பார்.

அவருடைய புருவம் வளர்ந்து கண்ணை மறைக்கும். யாசென்கா முடி திருத்தும் கடை வைத்திருப்பவள். வரும்போதெல்லாம் பையில் கத்தரி கொண்டுவருவாள்.

"புருவமா டாக்டர் இது, புதரா? உள்ள குருவி ஏதும் இருக்கா?"

"இருந்தா பாத்து வெட்டு. முட்டை வெச்சிருக்கப் போகுது."

அவளை அவர் கண்டுபிடித்ததே ஒரு ட்ராமில்தான். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. பின்னாலிருந்து ஒரு மனிதர் எழுந்து வந்து, "கண்ணு, பொறந்ததிலேருந்து இருமலா? காதும் அடைக்குமா?" என்று கேட்டார். அவள் நகர்ந்து நின்றாள். அவளோடு அவரும் இறங்கினார். "கோவிச்சுக்காத, இன்னும் ஒண்ணே ஒண்ணு. உன் இதயம் வலது பக்கத்துல இருக்கா?" அவள் குடையை ஓங்கிவிட்டாள். ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றது. இதயம் வலப்பக்கம் இருப்பது அவள் பெற்றோரையும் ஒரு பழைய எக்ஸ்ரே படத்தையும் தவிர யாருக்கும் தெரியாத விஷயம். இத்தனை காலமும் சளி பிடித்த உடம்பு, குளிர்காற்றில் விளையாடிய பிள்ளை என்று பேர் வாங்கியவளை, இருமலை மட்டும் கேட்டு ஒருவர் உள்ளும் புறமும் படித்துவிட்டாரே! அந்தத் திகைப்பு இன்றும் அவளுக்குப் போகவில்லை.

நோயை அவர் விளக்கும் விதமே தனி. சட்டைக் கையைச் சுருட்டி, முன்கை ரோமத்தின் மேல் ஊதிக் காட்டுவார். "இந்த மாதிரி, ஆனா கண்ணுக்கே தெரியாத மயிரு, மூச்சுக்குழாய் பூரா இருக்கு. ராப்பகலா அசைஞ்சு தூசி சளியெல்லாம் மேல தள்ளிவிடும். உனக்கும் இருக்கு. ஆனா அசையாது. கரு உருவாகும்போது இதயத்த எந்தப் பக்கம் வைக்கணும்னு சொல்றதும் இந்த மாதிரி மயிருதான். உனக்கு அதுவும் தூங்கிருச்சு."

"ஊரு முடியெல்லாம் என் பேச்சக் கேக்குது. எனக்குள்ள இருக்கறது கேக்கமாட்டேங்குதே" என்றாள் அவள்.

அசைய வைக்கும் மரபணு அவளிடம் பழுது. நல்லதை உள்ளே அனுப்பலாம். கெடுதல் செய்யும் குணத்தை நீக்கிய வைரஸ்தான் வண்டி. ஆனால் அந்த மரபணு வண்டியில் அடங்காத நீளம். இரண்டாக வெட்டி, இரண்டு வண்டியில் ஏற்றி, செல்லுக்குள் போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள வைக்க வேண்டும். அவள் மூக்கில் சிறு தூரிகையால் சுரண்டி எடுத்த செல்களைத் தட்டில் வளர்த்து, வெட்டும் இடத்தை மாற்றி மாற்றி வருஷக்கணக்காக முயன்றுகொண்டிருந்தார். சுரண்டும்போது அவளிடம் மன்னிப்புக் கேட்கமாட்டார், அவள் மூக்கிடம் கேட்பார்.

ஒருமுறை செல்கள் அசைந்தன. தீஹொமிர் ஊரெல்லாம் போன் செய்தார். யாசென்காவின் அப்பா, மகள் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த பிளம் சாராயத்தைத் திறந்தார். பிறகு ட்ராம்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அன்று தட்டில் ஒரு மயிர்கூட அசையவில்லை. ஆடியது செல் இல்லை, கட்டடம்! அதைப் போனில் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. மழையில் நடந்து அவள் கடைக்கு வந்தார். தலையில் சாயம் பூசி உட்கார்ந்திருந்த மூன்று பெண்கள் பார்க்க, "நான் ஒரு முட்டாள், யாசென்கா. அது ட்ராம்" என்றார். அவள் துண்டு கொடுத்தாள். அவர் முகம் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பின் அவள் நுரையீரல் பாதி பலத்துக்கு இறங்கிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்துதான் முடி வெட்டுகிறாள். மாற்று நுரையீரலுக்குக் காத்திருப்போர் வரிசையைப் பற்றி மருத்துவமனையில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். தீஹொமிர் வெட்டிப் பார்க்காத இடம் மரபணுவில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

போன செவ்வாய்க்கிழமை அந்தத் தட்டை நுண்ணோக்கியின் கீழே வைத்தார். படம் பக்கத்துத் திரையிலும் தெரிந்தது. ட்ராம் வந்தது, கை உயர்ந்தது, ட்ராம் போனது. திரையின் ஒரு மூலையில் ஏதோ அசைந்துகொண்டே இருந்தது.

"ஸ்லாத்தா, கீழ பாரு. ட்ராமா?"

"ரோடு காலியா கெடக்கு."

"லாரி?"

"ஒரு நாய் போகுது. நாய்க்கெல்லாம் கட்டடம் ஆடாது."

அவர் நம்பவில்லை. பொடியிலும் பொடியான மணிகள் கலந்த ஒரு சொட்டு நீரைத் தட்டில் விட்டார். கட்டடம் ஆடினால் மணி இருந்த இடத்திலேயே நடுங்கும். இங்கே ஒரு மணி மெல்லப் புறப்பட்டது. ஒரு கற்றை மயிர் அதைத் தள்ளி அடுத்த கற்றையிடம் கொடுத்தது, அது அடுத்ததிடம். நடுவே அசையாத செல்கள் நிறையக் கிடந்தன. அங்கெல்லாம் தயங்கி, சுற்றி, மறுபடி கிளம்பி, திரையின் விளிம்பைத் தாண்டி மணி போயே போய்விட்டது.

"குப்பையத் தள்ளுது" என்றாள் யாசென்கா. "டாக்டர், என்னோடதா அது?"

"உன்னோடதுதான்."

பிறந்ததிலிருந்து அவள் உடம்பில் எதுவும் செய்யாத வேலை. தேவாலயத்தில்கூட இப்படிக் கைகூப்பத் தோன்றியதில்லை அவளுக்கு. ஸ்லாத்தா ஜன்னலை விட்டு வந்து, வாயைப் பொத்திக்கொண்டு அவள் பின்னால் நின்றாள்.

தீஹொமிர் நாற்காலியைத் திருப்பி அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "நல்லாக் கேட்டுக்கோ. இது தட்டுல நடக்குது. உன் நெஞ்சுல இல்ல. அங்க போக எத்தனை வருஷமாகுமோ. உனக்கு வந்து சேருமான்னுகூட எனக்குத் தெரியாது."

"தெரியும் டாக்டர். மொதல்ல நீங்க பாருங்க. என்னையே பாத்துக்கிட்டு!"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நுண்ணோக்கியில் கண் வைத்துக் குனிந்தார். முதுகு இரண்டு மூச்சு அளவுக்கு அசையாமல் இருந்தது. அடுத்த மூச்சில் கையை நீட்டி விளக்கை அணைத்தார். திரை கறுத்துப்போனது.

"ஐயோ, ஏன்? இன்னும் கொஞ்ச நேரம்!"

"வெளிச்சம் சூடும்மா. அதுங்களுக்கு ஆகாது" என்று தட்டை மூடி, இரண்டு கையாலும் எடுத்து, வெதுவெதுப்புப் பெட்டியை நோக்கி அடிமேல் அடி வைத்து நடந்தார்.