ஆறாவது மூலை

கல்லை நக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஜடையன் சார் வாயைத் திறப்பார். ஈரம் பட்டால் நிறம் தெளியும், உள்ளே பச்சை மணி இருந்தால் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும் என்பது அவர் கணக்கு. "சார், உப்பு சரியா இருக்குதா?" என்று பையன்கள் சீண்டுவார்கள். "உப்பு இருந்தா உங்கூட்டுக் கொழம்புக்குத் தர்றேன், போப்பா" என்று கல்லைச் சட்டையில் துடைத்துக்கொள்வார்.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கௌதள்ளிக்காரர். மைசூரில் ஒரு தனியார் கல்லூரியில் ஜியாலஜி விரிவுரையாளர். பாடம் நடத்துவது கன்னடத்தில், கோபம் மட்டும் தமிழில். லென்ஸைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அது கூடவே போகும், பந்தியில் சாம்பாரில் தோயும்.

அவருக்குச் செல்லப்பிள்ளை ஒலிவின் என்கிற பச்சைக் கனிமம். அதைப் பற்றிக் கேட்டால் டீ ஆறிப்போகும். "பாறைக்கொழம்பு ஆறறப்ப மொதல்ல பொறக்கறது அதுதானுங்க. நடுவுல மெக்னீசியம், வெளியே வர வர இரும்பு ஏறிக்கும். மொதல்ல பொறந்ததுக்கு எடம் தாராளம், ஆறு மூலையும் கூரா வளரும். கடைசீல வர்றது நெரிசல்ல மாட்டி உருவமில்லாமக் கெடக்கும். கூரா வளந்ததையுங்கூட சில சமயம் அந்தக் கொழம்பே திரும்பித் தின்னுபோடும்." அவர் இத்தனை வருடம் அறுத்துத் தேய்த்துப் பார்த்த ஸ்லைடுகளில் எல்லாம் தின்று போட்டதும் நெரிசலில் மாட்டியதும்தான். ஆறு மூலையும் முழுசாக இருக்கும் ஒன்று, இந்தப் பக்கத்துக் கல்லில், அவர் கண்ணில் படவே இல்லை.

ரூபா மேடத்துக்குப் பட்டது. அதே டிபார்ட்மென்டில் விரிவுரையாளராகச் சேர்ந்த வருடமே பட்டது. அதுவும் எந்தக் கல்லில்? ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அப்பால் ஒரு குவாரியில் ஜடையன் சார் நக்கிப் பார்த்து, "இதுல ஒண்ணுமில்லீங்" என்று வீசிய கறுப்புக் கல்லில். அந்தம்மா அதைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். இப்போது அதன் ஸ்லைடில், மைக்ரோஸ்கோப்பின் வடிகட்டிய வெளிச்சத்தில் பச்சை மறைந்து, நீலமும் ரோஜா நிறமுமாக ஒரு ஒலிவின் ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. டிபார்ட்மென்டே அந்த மேசையைச் சுற்றி நிற்கிறது. பியூன் பழனிகூடக் காபியை முதலில் அங்கேதான் வைக்கிறான். தன் எச்சில் பட்ட கல் இன்னொருத்தி பேரில் பெங்களூர் கருத்தரங்குக்குப் போவதை நினைத்தால் ஜடையன் சாருக்கு வயிறு எரிகிறது. எரியாமல் என்ன செய்யும்?

கருத்தரங்குக்குப் படம் வேண்டும். காமிரா ரிப்பேருக்குப் போய்த் திரும்பவில்லை. மைக்ரோஸ்கோப்பில் பிம்பம் தாளில் விழும்படி கண்ணாடி மாட்டி, தெரிவதைக் கோடு பிசகாமல் வரைய ஜடையன் சாரை விட்டால் ஆள் கிடையாது. ரூபா மேடமே வந்து கேட்டார். மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் அகப்படவில்லை.

சாயந்திர ரயிலுக்கு முன்னால் முடிக்க வேண்டும். வரைந்தார். விரிசல்களை வரைந்தார், நிறம் மாறும் விளிம்பை வரைந்தார், ஒவ்வொரு மூலையாக இறங்கி வந்தார். ஐந்து மூலை கத்தி முனை மாதிரி விழுந்தது. ஆறாவதும் கண்ணாடியில் அதே கூராகத்தான் தெரிந்தது. அங்கே பென்சில் நின்றது. பிறகு லேசாக வளைந்து, உள்ளே குழிந்து, மேலே ஏறிவிட்டது.

"சார், ஆயிடுச்சா? ஸ்வல்ப... கொஞ்சம் காட்டுங்க." ரூபா மேடம் பெட்டியுடன் வந்து நின்றார். படத்தைப் பார்த்து முகம் மலர்ந்தது. அப்புறம் குனிந்தார். "இந்தக் கீழ் மூலை மட்டும் மழுங்கின மாதிரி இருக்கே?"

"கொழம்பு தின்னிருக்குதுங் மேடம். உத்துப் பாத்தாத்தான் தெரியும்."

மைக்ரோஸ்கோப் பக்கத்திலேயே இருந்தது. விளக்குகூட அணைக்கவில்லை. அந்தம்மா அதன் பக்கம் திரும்பவே இல்லை.

"அப்படியா! நான் கவனிக்கவே இல்ல பாருங்க. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும் சார். அங்கே பேசறப்ப அதையும் சொல்லிடறேன், ஜடையன் சார்தான் கண்டுபிடிச்சார்னு."

சொல்லிவிட்டுத் தாளை எடுக்கப் போனார். வரவில்லை. மறுபடி இழுத்தார். ஜடையன் சார் தலையைத் தூக்காமல் அந்த மூலையின் மேல் கட்டைவிரலை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.