முதுகால் வாசிக்கும் நாற்காலி

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் காற்றடித்தால் அறைந்து சாத்திக்கொள்ளும். அது சாத்தாமலிருக்க அம்மா முட்டுக்கொடுத்து வைத்திருந்த பொருள், பாபா என்று நான் கூப்பிடும் என் அப்பாவின் சிம்சிமிய்யா. ஒரு தகரப் பெட்டி, அதன்மேல் முக்கோணமாக மூன்று கட்டைகள், ஐந்து கம்பிகள். அவ்வளவுதான் அந்த வாத்தியம். ஆனால் எங்கள் ஊர் போர்ட் சயீதில் அதை வாசிப்பவர்கள் எண்ணெய் பூசி, வெல்வெட் உறை தைத்து, குழந்தையைப் போல் வைத்திருப்பார்கள். ஒருவர் தன் மகள் பெயரையே அதற்கு வைத்திருந்தார். பாபா வியாழக்கிழமை சாயங்காலம் பாட்டுக் கூட்டத்துக்குக் கிளம்பும்போது ஜன்னலிலிருந்து அதை உருவிக்கொண்டு போவார். திரும்பியதும் அம்மா மறுபடி முட்டுக்கொடுப்பாள். பொரித்த மீன் வாசனை அதை விட்டுப் போனதேயில்லை.

பாபாவின் பெயர் அப்தல் மௌகூத். துறைமுகத்தில் கப்பல்களின் அடிவயிற்றுக்கு வண்ணம் பூசுகிற வேலை. ஊரில் அவரைப் போலப் பாடி வாசிக்க ஆளில்லை என்பதை அவரைப் பிடிக்காதவர்களும் ஒப்புக்கொள்வார்கள். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. பன்னிரண்டு வயதில் ஒரு பழைய திரைச்சீலையை வெட்டி அந்த வாத்தியத்துக்கு உறை தைத்துக் கொடுத்தேன். மறுநாள் பாபா அதில் வெங்காயம் வாங்கி வந்தார்.

“நல்லாத் தச்சிருக்க தஹானி. மூணு கிலோ புடிக்குது” என்றார்.

இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவுமில்லை. ஏதோ ஒரு மெட்டு மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது போலும்.

அடுத்த வருஷம் என் மாமா மகளுக்குக் கல்யாணம். சூயஸ் கால்வாய்க்கு அந்தப் பக்கம், போர்ட் ஃபுவாதில். ஃபெரியில் போனோம். எங்களோடு ஒரு மனிதர் தனியாளாக ஒரு ஃப்ரிட்ஜைத் தள்ளிக்கொண்டு வந்தார். கரை சேர்ந்ததும் பாபா வாத்தியத்தை ஃபெரி பெஞ்சிலேயே வைத்துவிட்டு ஃப்ரிட்ஜின் மறுமுனையைப் பிடித்தார். பிடித்தவர் அந்த மனிதரின் வீடு, நான்காவது மாடி வரைக்கும் பிடித்துக்கொண்டே போய், அவர்கள் கொடுத்த டீயையும் குடித்துவிட்டுத்தான் இறங்கினார். அதற்குள் ஃபெரி வாத்தியத்தோடு மறுகரைக்குப் போய்விட்டது.

கல்யாணப் பந்தலில் எல்லோரும் அவருக்காகத்தான் காத்திருந்தார்கள். மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. வேறு யாரிடமாவது இரவல் வாங்கலாம் என்றால், மகள் பெயர் வைத்தவர் தன் வாத்தியத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். பாபா பதறவில்லை. பந்தலை ஒட்டி ஸெயின்ஹும் என்பவரின் டீக்கடை இருந்தது. அங்கிருந்து ஒரு மர நாற்காலியை இழுத்து வந்தார். அதன் இருக்கையில் ஒரு காலி நெய் டின்னைக் கட்டினார். மாப்பிள்ளையின் அண்ணன் சைக்கிளிலிருந்து பிரேக் கம்பிகளை உருவி, இழை பிரித்து, டின்னிலிருந்து நாற்காலி முதுகுக்கு இழுத்துக் கட்டினார். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு ஆரம்பித்தவர், பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்கிற வரைக்கும் வாசித்தார். பந்தலே ஆடியது. மாமா தன் சம்பந்தியின் தோளில் ஏறி ஆடினார். மாப்பிள்ளையின் அண்ணன் அன்று வீடு திரும்புகையில் பிரேக் இல்லாமல் நேராக ஒரு மருந்துக்கடைக்குள்ளேயே போய் விழுந்தார். மருந்துக்கு அலைய வேண்டியிருக்கவில்லை.

வாத்தியம் ஒன்பது நாள் ஃபெரியிலேயே போய்வந்து கொண்டிருந்தது. பாபா முதல் தடவை கேட்கப் போனபோது டிக்கெட்காரர் அதில் தன் சாவிக்கொத்தையும் தொப்பியையும் மாட்டி வைத்திருந்தாராம். “அந்த மனுஷன் வேற எங்க மாட்டுவார்?” என்று சொல்லிவிட்டு பாபா வெறுங்கையோடு வந்தார். அம்மா ஒரு நாள் முழுக்கத் திட்டினாள். ஜன்னலுக்கு முட்டு இல்லையே என்பது அவள் கவலை.

நாற்காலியின் கதை வேறு மாதிரி போயிற்று. கல்யாணத்தன்றே ஸெயின்ஹும் வந்து நின்று, “கச்சேரி உன்னுது உஸ்தா, நாற்காலி என்னுது” என்றார். பாபா அப்படியே கம்பி, டின்னோடு தூக்கிக் கொடுத்துவிட்டார். ஸெயின்ஹும் அதைக் கடை நடுவில் ஒரு மேடை போட்டு வைத்து, சுற்றிலும் கயிறு கட்டினார். ஊர் முழுக்கப் பேச்சு பரவியது. அந்த நாற்காலியில் ஏதோ இருக்கிறது என்றார்கள். மரம் மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்தது என்று ஒருவர். நெய் டின்னில்தான் சூட்சுமம் என்று இன்னொருவர். பெரிய பெரிய வாசிப்பாளர்கள் வந்து மீட்டிப் பார்த்தார்கள். பூனை வாலை மிதித்தது போல் சத்தம் வந்தது. ஸெயின்ஹும் அசரவில்லை. நாற்காலிக்கு இன்று மனசு சரியில்லை என்று சொல்லி எல்லோருக்கும் டீ விற்றார்.

கடைசியில் தலைநகரிலிருந்து டாக்டர் வஜ்தி என்பவரே வந்துவிட்டார். வாத்தியங்களை ஆராய்கிறவர். அளவு நாடா, பூதக்கண்ணாடி, டேப் ரிக்கார்டர் எல்லாம் கொண்டு வந்திருந்தார். முழுக் காலைப்பொழுதும் நாற்காலியை அளந்து, காலுக்குக் கால் குறிப்பெழுதிவிட்டு, சாயங்காலம் பாபாவை அழைத்து வரச் சொன்னார். கூட நானும் போனேன். என் பாபாவைத் தேடி ஒரு டாக்டர் வந்திருக்கிறார் என்ற பெருமையில் என் நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கடையில் எள் போட இடமில்லை. எல்லா நாற்காலியிலும் ஆட்கள். பாபா நாள் முழுக்கக் கப்பலடியில் நின்றுவிட்டு வந்தவர். சுற்றிப் பார்த்தார். கயிற்றைத் தாண்டி உள்ளே போனார். நெய் டின்னை ஒரு பக்கமாக நகர்த்திவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு கம்பி அறுந்தது.

டாக்டர் வஜ்தி மெல்லச் சொன்னார்: “உஸ்தா, நீங்க வாத்தியத்து மேல உக்காந்திருக்கீங்க.”

“நின்னுக்கிட்டுப் பாட முடியாதுங்க. முட்டி வலி” என்றார் பாபா.

பக்கத்து மேசையிலிருந்த டீ கிளாஸையும் கரண்டியையும் எடுத்துத் தட்டிப் பாட ஆரம்பித்தார். முதலில் மூலையிலிருந்த மீனவர்கள் சேர்ந்துகொண்டார்கள். பிறகு கடையே சேர்ந்தது. நான் அழலாமா ஓடலாமா என்று நின்றவள், எனக்கே தெரியாமல் கை தட்டிக்கொண்டிருந்தேன். அன்றுதான் முதன்முறையாக அவரை அவருடைய மகளாக இல்லாமல் கேட்டேன் என்று நினைக்கிறேன். ஸெயின்ஹும் மட்டும் அறுந்த கம்பிகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

டாக்டர் வஜ்தி மனம் தளராத மனிதர். ‘இவ்வாத்தியம் முதுகால் அழுத்தி வாசிக்கப்படுகிறது, கரண்டி துணை’ என்று அறிக்கை எழுதினார். அது ஏதோ பத்திரிகையில் படத்தோடு வந்தது. அதைப் படித்துவிட்டு மன்ஸூராவிலிருந்து இரண்டு கல்லூரிக்காரர்கள் வீட்டுக்கே வந்து, முதுகை எந்தச் சாய்வில் வைக்க வேண்டும் என்று கேட்டார்கள். “வலிக்காத சாய்வுல வைங்கப்பா” என்று சொல்லி, பாபா அவர்களுக்கு அவித்த மொச்சை ஃபூல் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

பாபாவுக்கு அறுபத்தெட்டு வயதில் பக்கவாதத்தில் இடது கை விழுந்துவிட்டது. அப்போது அம்மா இல்லை. என் வீட்டில்தான் இருந்தார். இனி எதையும் வாசிக்க முடியாதே என்று நான்தான் மருகினேன். அவர் என் சலவை இயந்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அதன் ஒரு கால் குட்டை. துணி பிழியும்போது தக்-தகதக்-தக் என்று குளியலறை முழுக்கக் குதிக்கும். ஆள் வைத்துச் சரிசெய்யப் போவதாக என் வீட்டுக்காரர் ஃபிக்ரி சொன்னதும், பாபா நல்ல கையால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

“மாப்ள, அதைத் தொட்டுடாதீங்க. அது தாளம் தப்பவே மாட்டேங்குது.”

ஒரு வியாழக்கிழமை ஃபிக்ரி வேலை முடிந்து வந்தபோது, பழைய பாட்டுக் கூட்டத்தார் எட்டுப் பேர் எங்கள் குளியலறையில் இருந்தார்கள். இரண்டு பேர் தொட்டி விளிம்பில், ஒருவர் கவிழ்த்த வாளியில். பாபா இயந்திரத்தின் மேல் வலது கையை வைத்துக்கொண்டு பாட்டை எடுத்துக்கொடுத்தார். அது நிற்கும்போதெல்லாம் நான் ஈரத்துணியை மறுபடி போட்டுச் சுற்றவிட்டேன். ஒரே போர்வையை ஐந்து முறை பிழிந்தோம்.

ஃபிக்ரி கணக்காய்வாளர். சிரிப்பதற்கே யோசிப்பவர். ஷூவைக் கையில் பிடித்தபடி வாசலில் வெகுநேரம் நின்றார். பிறகு ஷூக்களைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் தாளம் தப்பி, கை தட்டத் தொடங்கினார். பாபா பாட்டை நிறுத்தாமல் தள்ளி உட்கார்ந்து அவருக்கு இடம் கொடுத்தார்.